பாயின் மறுபக்கத்தில் ஒன்பது எழுத்து

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் அம்மாவோடு யாரும் கதைக்கக் கூடாது. கதைத்தாலும் பதில் வராது. வந்தால் அது நாங்கள் கேட்டதற்கான பதிலாக இருக்காது. "தேத்தண்ணி போடவா அம்மா?" என்று கேட்டால் "தலையணை" என்பார். அந்தச் சொல்லைத்தான் அவ்வளவு நேரமும் தேடிக்கொண்டிருந்திருப்பார். கிடைத்த சந்தோசத்தில் எனக்கும் ஒருமுறை சொல்லிக் காட்டுவார், அவ்வளவுதான்.

எல்லாம் பத்திரிகையில் வருகிற ஒரு சதுரத்தால் வந்த வினை. ராசிபலனுக்குக் கீழே, சமையல் குறிப்புக்கு மேலே, மூன்றுக்கு மூன்று கட்டம். கட்டத்துக்கு ஒன்றாக ஒன்பது எழுத்து. அவற்றை மாற்றி மாற்றி அடுக்கி எத்தனை சொல் எடுக்க முடியுமோ அத்தனையும் எடுக்கலாம். ஒரு கட்டத்தை ஒரு சொல்லில் ஒரு தரம்தான் பாவிக்கலாம். புள்ளி வைத்த எழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு. ஒன்பதையும் சேர்த்தால் ஒரு பெரிய சொல் வரும். அது என்ன என்று அடுத்த ஞாயிறுதான் அச்சடிப்பார்கள். பரிசு ஒன்றும் கிடையாது. பரிசு இருந்திருந்தால் அம்மா விளையாடியிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். பரிசு கொடுக்கிறவன் தன்னைவிட ஒரு படி மேலே நிற்பது அவருக்குப் பிடித்திருக்காது.

என் கணவர் காலையில் ஆரையம்பதிச் சந்திக்குப் போய்ப் பத்திரிகை வாங்கி வருவார். அந்தப் பக்கத்தை முதலில் விரிக்கிற உரிமை அம்மாவுக்கு மட்டும். கணவர் விளையாட்டுச் செய்தியோடு ஒதுங்கிக்கொள்வார்.

அம்மாவுக்குக் கடதாசியில் கிறுக்கிப் பார்ப்பது சரிவராது. எழுத்து கையால் நகர வேண்டும். அதற்காகக் கலியாண அட்டைகளைச் சேர்த்து வைத்திருப்பார். ஊரில் யார் வீட்டு அட்டை வந்தாலும் திகதியைப் பார்த்துவிட்டு அதன் தடிப்பை விரலால் தடவுவார். நல்ல தடிப்பு என்றால் அந்தக் கலியாணத்தைப் பற்றியே அவருக்கு நல்ல அபிப்பிராயம் வந்துவிடும். கலியாணம் முடிந்ததும் அட்டை சிறு சதுரங்களாக வெட்டுப்படும். வெட்டுவதற்கு என்னுடைய கத்தரிக்கோலைத்தான் எடுப்பார். நான் வீட்டில் இருந்து தைக்கிறவள். துணி வெட்டுகிற கத்தரிக்கோலைக் கடதாசியில் வைக்காதீர்கள் என்று நான் கத்தாத வாரம் இல்லை. அம்மா நன்றாகக் கேட்டுத் தலையாட்டிவிட்டு அடுத்த ஞாயிறும் அதையே எடுப்பார்.

விளையாட்டு நடக்கிற இடம் குசினி. காஸ் அடுப்பு இருந்தாலும் சோறு எங்களுக்கு விறகடுப்பில்தான். உலையை வைத்துவிட்டு, அடுப்புக்கு எதிரே பன்பாயை விரித்து, அம்மா சுவரில் சாய்ந்துகொண்டு எழுத்துகளைப் பரப்புவார். குசினியில் விளையாடுவதால் குசினியின் சட்டம் விளையாட்டுக்கும் பொருந்தும். அரிசி இருக்கிற இடத்தில் சில சொற்களை எடுக்கக் கூடாது. குறை, முடிவு, பஞ்சம், வெறும்பானை, சாவு. அந்த வகையறா எதுவும் வாயில் வரக்கூடாது.

இது அம்மா கண்டுபிடித்த சட்டமில்லை. எங்கள் பக்கத்தில் வயல்வெளியை வட்டை என்போம். வட்டையில் சூடு அடிக்கிற களத்தில், நெற்குவியலுக்குப் பக்கத்தில் நின்று யாரும் "முடிஞ்சுது" என்றோ "குறையுது" என்றோ சொல்ல மாட்டார்கள். "பொலி" என்பார்கள். குறைவதைப் பேசினால் குறையும், பெருகுவதைப் பேசினால் பெருகும் என்பது கணக்கு. இப்போது மெசின் வந்து ஒரு காலைக்குள் வெட்டி, அடித்து, மூட்டையாக்கிவிட்டுப் போகிறது. ஓட்டுகிறவன் என்ன சொல்கிறான் என்று அந்த இரைச்சலில் நெல்லுக்கே கேட்காது. அதைப் பற்றி அம்மாவுக்கு ஒரு கவலையும் இல்லை, முதுகு தப்பியது என்பார். ஆனால் அவருடைய குசினியில் சட்டம் சட்டம்தான். சொல்லக் கூடாததை அடுக்கவும் கூடாது. அட்டையில் அடுக்குவதும் வாயால் சொல்வதும் அவருக்கு ஒன்று.

"அப்ப அதெல்லாம் தமிழ்ச்சொல் இல்லையா அம்மா?" என்று நான் ஒருநாள் வம்புக்குக் கேட்டேன்.

"தமிழ்தான். வெளியில வச்சுச் சொல்லு" என்றார்.

இந்தக் குசினிக்குள்தான் என் தம்பியின் மனைவி வந்து சேர்ந்தாள். தம்பி நெல் லொறி ஓட்டுகிறான். ஓட்டமாவடிக்கும் பொலன்னறுவைக்கும் இடையில்தான் அவனுடைய சீவியம். பொலன்னறுவையில் ஒரு சிங்களப் பெண்ணைக் கண்டு, விரும்பி, அங்கேயே பதிவுக் கலியாணம் செய்துகொண்டான். அட்டை அடிக்கவில்லை. அவன் சிங்களப் பெண்ணைக் கட்டியதைவிட அட்டை அடிக்காததுதான் மாமிக்குக் கூடுதல் வருத்தம் என்று என் கணவர் பகிடி விடுவார். அது முழுக்கப் பகிடி என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

அவள் மருத்துவமாது. கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் பார்க்கிற வேலை. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உள்ள ஒரு கிளினிக்குக்கு மாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். தமிழ் தெரியாத ஒருத்தி தமிழ் ஊருக்கு மாற்றம் கேட்டதைச் சுகாதாரக் கந்தோரில் யாரும் நம்பவில்லையாம். தினமும் காலையில் ஸ்கூட்டியில் மண்முனைப் பாலத்தைக் கடந்து போவாள், பின்னேரம் வெயில் முகத்தில் படாமல் திரும்பி வருவாள். தம்பி வாரத்தில் பாதி நாள் லொறியோடு போய்விடுவான். ஆக, அவள் எங்களோடுதான் இருந்தாள்.

இதில்தான் சிக்கல். மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்கு. கலியாணம் கட்டினால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்வீட்டுக்கு வருவார். இந்த வீடு என்னுடையது, என் கணவர் இங்கே வந்து இருக்கிறவர். அதனால் அம்மா மருமகனோடு இருந்து பழகியவர். மருமகனுக்கு எப்போது தேத்தண்ணி வைப்பது, எவ்வளவு தள்ளி நின்று கதைப்பது, எந்த மீன் துண்டை அவருடைய சோற்றுக் கோப்பையில் போடுவது, எல்லாம் அம்மாவுக்கு அத்துப்படி. மருமகளோடு ஒரே குசினியில் எப்படி இருப்பது என்று அவருக்குத் தெரியாது. பார்த்துப் பழக அக்கம்பக்கத்திலும் அப்படி ஒரு வீடு இல்லை. அந்த மருமகளுக்குத் தமிழும் சரியாக வராது என்றால் அம்மா என்ன செய்வார்? அவளோடு கதைப்பதையே விட்டுவிட்டார்.

ஏசவில்லை, முகம் சுளிக்கவில்லை, சாப்பாட்டில் ஓரவஞ்சனை செய்யவில்லை. அவளுக்கென்று மீனின் நடுத்துண்டை எடுத்து வைப்பார். பிறகு என்னைப் பார்த்து, "அவவச் சாப்பிடச் சொல்லு" என்பார். அவள் எனக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பாள். நான் சொல்ல வேண்டிய தேவையே இல்லை.

"நான் சாப்பிடுறன் மாமி" என்று, தம்பியிடமும் கிளினிக்கிலும் பொறுக்கிய தமிழில், அவள் நேராக அம்மாவுக்கே பதில் சொல்வாள். ஒவ்வொரு முறையும் அப்படித்தான். அம்மாவின் பேச்சு என் வழியாகச் சுற்றி வரும், அவளுடைய பதில் குறுக்கால் நேரே போகும். அவள் ஒருநாளும் சலிக்கவில்லை. எனக்கென்றால் இரண்டாம் நாளே கோபம் வந்திருக்கும். இவளுடைய பொறுமையை எங்கேயாவது விற்றால் அரைக் கிலோ வாங்கி வைக்கலாம் என்று அப்போதெல்லாம் நினைப்பேன்.

வந்து சில மாதங்களில், கொடியில் உடுப்புக் காயப்போடும்போது அவள் என்னிடம் கேட்டாள்.

"மச்சாள், மாமி என்னோட கோவமா?"

"கோவமில்ல. அவவுக்கு உங்களோட எப்படிக் கதைக்கிறது எண்டு தெரியா."

அவள் ஒரு சட்டையை உதறி, கொடியில் போட்டு, தோளைச் சரிபார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள். "மாமி ஏசினாலும் பரவாயில்ல. என்னப் பாத்து ஏசினாப் போதும்."

அவள் எங்கள் வீட்டில் கேட்டது அது ஒன்றுதான். நகை கேட்கவில்லை, தனி அறை கேட்கவில்லை. அம்மாவின் வாயால் ஒரு சொல், தன் முகத்தைப் பார்த்து. அதை என்னால் வாங்கிக் கொடுக்க முடியவில்லையே என்று எனக்கு அழுகை வந்தது. கொடியில் கிடந்த சேலைக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அந்த நாட்களில் அவள் குசினிச் சட்டத்தை அறிந்துகொண்ட விதத்தையும் சொல்ல வேண்டும். ஒரு காலை அம்மா அரிசிப் பானைக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, வழமைபோல என்னைப் பார்த்து, "அரிசி நிறைஞ்சு கிடக்கு. அவ வாறபோது கடையப் பாத்துக்கொண்டு வரச் சொல்லு" என்றார். எங்கள் வீட்டுக்கு அதன் அர்த்தம், பானையில் ஒரு மணியும் இல்லை, வாங்கி வா என்பது. அவள் அந்த வசனத்தைச் சொல்லுக்குச் சொல் விளங்கிக்கொண்டு, கடையைப் பார்த்தாள், வீட்டில் அரிசி நிறைய இருக்கிறதே என்று சந்தோசப்பட்டுக்கொண்டு வெறுங்கையோடு வந்தாள். அன்று இரவு எல்லாரும் பாணும் சம்பலும் சாப்பிட்டோம். என் கணவர் மட்டும் சோறு, சோறு என்று முணுமுணுத்தார்.

நான் அவளை வெளியே கிணற்றடிக்குக் கூட்டிப்போய் விசயத்தை விளக்கினேன். வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள், அல்லது இதென்ன பழைய பைத்தியம் என்றிருப்பார்கள். அவள் கவனமாகக் கேட்டாள். இன்னும் எந்தெந்தச் சொல் என்று கேட்டாள். நான் ஒவ்வொன்றாகச் சொல்ல, தனக்குள் சொல்லிப் பார்த்தாள். அன்றைக்குப் பிறகு அந்தக் குசினிக்குள் அவளுடைய வாயிலிருந்து அப்படியொரு சொல் வரவில்லை. எனக்கே அடிக்கடி வாய் தவறும். அவளுக்குத் தவறியதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் பாய்க்கு வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. வெங்காயமும் கத்தியும் எடுத்துக்கொண்டு வந்து, அம்மாவுக்கு எதிரே, பாயின் மறுபக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்து உரிக்கத் தொடங்கினாள். கண் மட்டும் எழுத்துகளில் இருந்தது. அம்மாவின் பக்கம் பார்த்து அடுக்கிய எழுத்துகள் அவளுக்குத் தலைகீழாகத் தெரியும். தமிழ் எழுத்தை அவள் பெரும்பாலும் அப்படித்தான் படித்தாள். தலைகீழாக நிற்கிற "ம்", தலைகீழாக நிற்கிற "ழ". பேருந்தின் பெயர்ப்பலகையை வாசிக்கும்போது தலையைச் சற்றுச் சாய்ப்பாள். ஏன் என்று கேட்டபோது, "எனக்கு எழுத்து மற்றப் பக்கத்தால வாறது லேசு மச்சாள்" என்றாள்.

முதலில் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள். ஒருநாள் அம்மா ஒரு சொல்லைக் கலைத்துவிட்டு யோசித்துக்கொண்டிருக்க, வெங்காயக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, மூன்று அட்டைகளை நகர்த்தி "பாலம்" என்று வைத்தாள். அம்மாவின் பக்கம் வாசிக்கும்படியாக, தனக்குத் தலைகீழாக வைத்தாள். அம்மா அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சரியெண்டு சொல்லு" என்றார்.

"சரியாம்" என்றேன்.

"நன்றி மாமி" என்றாள் அவள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவள் சில சொல் வைத்தாள். சின்னச் சொற்கள்தான். கிடைத்த சொல்லை அவள் சும்மா விடுவதில்லை. திங்கட்கிழமை கிளினிக்கில் வருகிற தாய்மாரிடம் அதைப் பாவித்துப் பார்ப்பாள். தாய்மார் சிரித்தால் ஏதோ பிசகு என்று அர்த்தம், பின்னேரம் என்னிடம் வந்து கேட்பாள். சிரிக்காவிட்டால் சொல் அவளுடையதாகிவிடும். அவளுடைய தமிழ் அப்படி வாரத்துக்கு வாரம் தடித்துக்கொண்டு வந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் பத்து வருசம் சிங்களம் படித்தவள் நான். பொலன்னறுவைச் சந்தையில் தேங்காய் விலை கேட்கவும் வாய் வராது. அவளை எண்ணிப் பொறாமைப்பட வேண்டிய நான் வாயைப் பிளந்துகொண்டு ரசித்தேன்.

இனி அந்த ஞாயிறுக்கு வருகிறேன். அன்று வந்த எழுத்துகள் இவை: போ, சா, க், கு, க், கு, றை, பா, டு.

அம்மா எடுத்த எடுப்பில் "பாக்கு" வைத்தார். அடுத்து "சாக்கு", "போக்கு". பிறகு "பாறை", "போடு", "பாடு", "பாகு". அம்மாவின் வேகத்தைப் பார்க்க வேண்டும். கை போகிற இடத்துக்குக் கண் பிறகுதான் போகும். "சா" என்ற அட்டையை மட்டும் தனியே நிற்க விடாமல் எப்போதும் "க்", "கு" பக்கத்தில் வைத்திருந்தார். சாக்கு நல்ல சொல், அதில் அரிசி வரும்.

பெரிய சொல் மட்டும் வரவில்லை. உலை கொதித்தது, விறகை இழுத்துவிட்டார், மறுபடியும் வந்து அடுக்கினார். பெரிய சொல் வராத ஞாயிறு எங்கள் வீட்டில் அபூர்வம். போக்கு என்று தொடங்கினார், பாடு என்று முடித்தார், நடுவில் எதையெதையோ போட்டுப் பார்த்தார். எதிலும் பொருந்தவில்லை.

மறுபக்கத்தில் அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எழுத்துகளை ஒருமுறை பார்த்தாள். உடனே கத்தியைக் கீழே வைத்தாள். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, அதை நான் தெளிவாகப் பார்த்தேன். கையை நீட்டினாள். விரல் "போ" மீது பட்டது. பிறகு தலையைத் திருப்பி அடுப்பைப் பார்த்தாள். மூடி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. விரலை எடுத்து, "பா", "க்", "கு" மூன்றையும் நகர்த்தி "பாக்கு" என்று வைத்தாள்.

"அது நான் முதல்லயே எடுத்ததெண்டு சொல்லு" என்றார் அம்மா, என்னிடம்.

"ஓம் மாமி, மறந்திட்டன்" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து சோற்றைப் பதம் பார்க்கப் போனாள். அவள் எதையும் மறக்கிறவள் இல்லை. எனக்கு அது விளங்கவில்லை, ஆனால் மனதில் தங்கிவிட்டது.

அந்த வாரம் முழுக்க அம்மாவைத் தாங்க முடியவில்லை. ஒன்பது அட்டையும் குசினிப் பலகையில் கிடந்தன. போகும்போதும் வரும்போதும் ஒன்றைத் தள்ளுவார். தேங்காய் துருவும்போது வாய் முணுமுணுக்கும். என் கணவர் உதவி செய்கிறேன் என்று ஒரு சொல் சொல்லி, வாங்கிக் கட்டிக்கொண்டார். நானும் முயன்றேன். எனக்கும் வரவில்லை. ஒன்றை மட்டும் பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். அந்த வாரம் முழுக்க "கு" என்ற அட்டையும் "றை" என்ற அட்டையும் ஒருமுறைகூடப் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கவில்லை. அம்மா அடுக்கியபோதும் இல்லை, நான் அடுக்கியபோதும் இல்லை.

வியாழக்கிழமை நான் கிளினிக்குக்குப் போனேன். பரிசோதனைக் கட்டிலைச் சுற்றிப் போடத் திரைச்சீலை தைத்துத் தரச் சொல்லி அவள் கேட்டிருந்தாள். தைத்ததை மாட்டிப் பார்ப்பதற்காக அவளுடைய ஸ்கூட்டியின் பின்னால் ஏறிக்கொண்டேன். பாலத்தில் காற்று சேலையை இழுத்தது. கீழே வாவியில் இறாலுக்கு வலை வீசிக்கொண்டிருந்த ஒருவருக்கு அவள் தலையாட்டினாள், அவரும் ஆட்டினார். அவருடைய மகள் தன்னிடம்தான் கிளினிக்குக்கு வருகிறாள் என்றாள். இந்தக் கரையில் பிறந்த எனக்கு அந்த மனுசனைத் தெரியாது.

கிளினிக் என்றால் ஒரு மண்டபமும் ஒரு சிறு அறையும்தான். அவளுடைய மேசைக்குப் பின்னால் சுவரில் பெரிய படம் ஒன்று ஒட்டியிருந்தது. முருங்கைக் கீரை, நெத்தலி, முட்டை, பப்பாசி. மேலே மூன்று மொழியிலும் தலைப்பு. தமிழில் கொட்டை எழுத்தில் இருந்தது: போசாக்குக் குறைபாடு.

நான் திரைச்சீலையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். போ, சா, க், கு, க், கு, றை, பா, டு. விரல் மடக்கி எண்ணிப் பார்த்தேன். ஒன்றும் மிஞ்சவில்லை.

"இது உங்களுக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டேன்.

அவள் நிறுவைத் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தாள். படத்தைத் திரும்பிப் பார்த்தாள். "நான் முதல் முதல் வாசிச்ச தமிழ்ச்சொல் அதுதான் மச்சாள். சிங்களத்தில மேல இரிக்கு, தமிழ் கீழ இரிக்கு. ரெண்டையும் வச்சுத்தான் அந்த எழுத்துகளப் பிடிச்சனான். மற்றதெல்லாம் மாமிட பாயிலதான்."

"அப்ப போன ஞாயிறே கண்டிட்டீங்க."

"ஓம்."

"ஏன் வைக்கல்ல? மாமி உங்களோட கதைக்க வேணும் எண்டுதானே கிடந்து சாகிறீங்க? அத வச்சிருந்தா அவ வாயத் திறந்திருப்பாதானே?"

அவள் கதவுப் பக்கம் பார்த்தாள். கதவுக்கு வெளியே தாய்மார் குழந்தைகளோடு வந்து உட்காரத் தொடங்கியிருந்தார்கள். "மாமிக்குச் சொல்லாதீங்க மச்சாள்" என்றாள். "அவ பாவம்." பிறகு முதல் பெயரைக் கூப்பிட்டாள்.

சொல்லாமல் இருப்பது எனக்கு எவ்வளவு பெரிய வேலை என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். வெள்ளியும் சனியும் நான் அம்மாவின் முகத்தையே பார்க்கவில்லை. தையல் மெசினில் குனிந்தபடி கிடந்தேன். உள்ளே கோபமும் பெருமையும் சேர்ந்து கொதித்தது. எங்கள் மொழியில், எங்கள் விளையாட்டில், எங்கள் வீட்டில் யாருக்கும் வராத சொல் அவளுக்கு வந்தது. வந்ததைக் கையில் வைத்துக்கொண்டு, பாக்கு என்று வைத்துவிட்டு எழும்பிப் போனாள். அந்த மனசு எனக்கு வராது. இந்த ஊரில் எத்தனை பேருக்கு வரும் என்றும் தெரியவில்லை.

ஞாயிறு பத்திரிகை வந்தது. அம்மா புதுச் சதுரத்தைப் பார்க்கவில்லை, கீழே சின்ன எழுத்தில் இருந்த போன வார விடையைப் பார்த்தார். விரலால் எழுத்தெழுத்தாகத் தொட்டு எண்ணினார். அடுப்பில் உலை இருந்தது. எழும்பி, பின்கதவால் வெளியே போய், கிணற்றடியில் நின்று, அந்தச் சொல்லை ஒருமுறை வாய்விட்டுச் சொன்னார். குசினிக்குள் இருந்த எங்களுக்கு அது நன்றாகக் கேட்டது. காலைக் கழுவிவிட்டு உள்ளே வந்தார்.

"ரெண்டு சொல்ல ஒட்டி ஒரு சொல் எண்டிரிக்கான்" என்று சுவருக்குச் சொன்னார். பாயில் உட்கார்ந்தார். மறுபக்கத்தில் அவள் வழமைபோல வெங்காயத்தோடு இருந்தாள், தலை நிமிரவில்லை.

அம்மா பலகையில் கிடந்த பழைய ஒன்பது அட்டையையும் எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். அவளுடைய கையைப் பார்த்தார். நான் இருப்பதை மறந்துவிட்டார் போலிருந்தது. அல்லது மறக்கவில்லையோ, என்னவோ, என் பக்கம் திரும்பவில்லை.

"நீ கண்டனீதானே?" என்றார். "போன ஞாயிறு. கைய நீட்டிப்போட்டுத் திருப்பி எடுத்தனீ."

அவளுக்கு அது தன்னிடம் கேட்ட கேள்வி என்று விளங்க ஒரு கணம் பிடித்தது. என்னைப் பார்த்தாள். நான் குனிந்து கத்தரிக்கோலைப் பார்த்தேன்.

"ஓம் மாமி" என்றாள்.

"ஏன் வைக்கல்ல?"

"உலையில சோறு கிடந்தது மாமி."

அம்மா அடுப்பைப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கியதா என்று கேட்டால் நான் சத்தியம் பண்ண மாட்டேன், விறகு அன்று ஈரம், குசினி முழுக்கப் புகை. மடியில் இருந்த அட்டைகளை எடுத்து ஒவ்வொன்றாக அடுப்புக்குள் போட்டார். அத்தனையும் நல்ல தடிப்பு அட்டை. பிறகு சுவரில் சாய்ந்திருந்த உடம்பை நிமிர்த்தி, பாயில் ஒரு பக்கமாக நகர்ந்து, தன் பக்கத்தில் இருந்த இடத்தைக் கையால் தட்டினார்.

"இஞ்சால வந்து இரு புள்ள. அங்கயிருந்து பாத்தா எல்லாம் தலைகீழாத்தானே கிடக்கும்."

அவள் கத்தியை வைத்துவிட்டு எழும்பி வந்தாள். சேலையை ஒதுக்கிக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில், சுவரில் முதுகு படாமல் உட்கார்ந்தாள். நான் புது வாரத்து ஒன்பது எழுத்தையும் வெட்டி, எழுதி, அவர்களுக்கு முன்னால் பரப்பினேன். என் கத்தரிக்கோலால் நானே கலியாண அட்டை வெட்டியது அதுதான் முதல் தடவை.

அம்மா இரண்டு சொல் வைத்துவிட்டார். அவள் ஒன்றும் வைக்கவில்லை. எழுத்துகளைப் பார்த்தாள், தலையை இந்தப் பக்கம் சாய்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்தாள். ஒரு அட்டையைத் தொட்டாள், விட்டாள். எழுத்து நேராக இருந்ததால் அவளுக்குச் சட்டென்று வாசிக்க வரவில்லை. அது அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது.

அம்மாவுக்குப் பொறுமை என்ற ஒன்று கிடையாது. கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பி, அவளுடைய கண்ணை நேராகப் பார்த்து ஏசத் தொடங்கினார்.

"என்னகா, ஒரு சின்னச் சொல் எடுக்க இவ்வளவு நேரமா? அங்கால இருந்தபோது டக்கெண்டு எடுத்தாய், கிட்ட வந்தோடன கண் தெரியல்லயா? வேலைக்குப் போற புள்ள இப்படி இருந்தா எப்படி?"

அவள் "ஓம் மாமி" என்றாள். மறுபடியும் "ஓம் மாமி" என்றாள். சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, சிரித்துக்கொண்டே அழுதாள். அம்மா வெங்காயம் என்று நினைத்தாரோ, புகை என்று நினைத்தாரோ, நிறுத்தாமல் ஏசிக்கொண்டே இருந்தார். நான் எழும்பிப் போய்ச் சோற்றைப் பதம் பார்த்தேன்.